லொறியின் எயார் கவர்னர்: ஆறு துவாரங்களும் அவற்றின் வேலையும்

வன்னியில் லொறியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் அது வாகனத்தோடு மட்டும் நிற்பதில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டவர்கள், 1996 இல் கிளிநொச்சியை விட்டு அக்கராயனுக்கும் மல்லாவிக்கும் போனவர்கள், 2008 இல் கூரைத் தகரத்தையும் கதவு நிலையையும் கழற்றி ஏற்றிக்கொண்டு விசுவமடுப் பக்கம் நகர்ந்தவர்கள் எல்லோருக்கும், தங்களை ஏற்றிச் சென்ற லொறி யாருடையது, உழவு இயந்திரம் யாருடையது என்பது இன்றைக்கும் நினைவிருக்கும். அதே லொறிகள்தான் பின்னர் விதைநெல்லையும் உரத்தையும் ஏற்றி வந்தன. தம்புள்ளைக்கு மரக்கறி கொண்டு போயின. பல கிராமங்களில் அது ஒரு வீட்டுச் சொத்து அல்ல. பத்து இருபது குடும்பங்கள் காசு போட்டு வாங்கிய பொதுச் சொத்து.

அந்த லொறிகளுள் பல பழையவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இல் மீண்டும் அனுமதிக்கப்படும் வரையில், இருந்த வாகனத்தைத் திருத்தி ஓட்டுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. ஒரு லொறியின் பாகம் கிடைக்காவிட்டால் இன்னொரு லொறியின் பாகத்தைப் பூட்டி ஓட்டினோம். இது எங்களுக்குப் புதிய பழக்கமும் அல்ல. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடை 2002 இல் தளரும் வரையில், எங்கள் மெக்கானிக்மார் மண்ணெண்ணெயில் கார் ஓட வைத்தவர்கள். அவர்களுடைய கெட்டித்தனத்தை நாங்கள் குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆனால் எஞ்சினில் ஒரு பாகம் பொருந்தாவிட்டால் லொறி நிற்கும். பிறேக்கில் ஒரு பாகம் பொருந்தாவிட்டால் லொறி நிற்காமலும் போகலாம், நிற்கக்கூடாத இடத்தில் நின்றும் விடலாம். இந்த வேறுபாட்டை நாங்கள் அனுபவத்தில் கற்றோம். அதையே இம்முறை பாடமாக எழுதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், காலபோக விதைப்புக் காலம். எங்களோடு வேலை செய்யும் ஒரு கமக்காரர் குழுவின் ஜப்பான் லொறியில் எயார் கவர்னர் பழுதாகிவிட்டது. அசல் பாகம் கிடைக்கவில்லை. அமெரிக்க மாதிரியிலான புதிய கவர்னர் ஒன்றை வாங்கி, ஒரு கராஜில் கொடுத்துப் பூட்டுவித்தோம். வேலை செய்த தம்பி கவனமான பிள்ளை. குழாய்களைச் சரியாகத்தான் இணைத்தார். ஆனால் எஞ்சினை இயக்கிப் பார்த்தபோது, கவர்னரின் ஒரு துவாரத்திலிருந்து இடைக்கிடை 'சீ' என்று காற்று போனது. அதைக் காற்றுக் கசிவு என்று எண்ணி அவர் அந்தத் துவாரத்தையும் ஒரு பிளக் வைத்து இறுக்கிவிட்டார். "பாதர், இனிப் பொட்டுக் காத்தும் வராது" என்று சொல்லித் திறப்பைத் தந்தார். முள்ளும் 120 இறாத்தலில் நின்றது. விதைப்பு அவசரத்தில் நாங்களும் வேறொன்றும் கேட்கவில்லை. பிழையில் பாதி எங்களுடையது.

லொறி விதைநெல் மூடைகளோடும், மூடைகளின் மேல் ஏறியிருந்த ஏழெட்டுப் பேரோடும் புறப்பட்டது. ஏ-9 வீதியில் பிறேக்குக்கு வேலை குறைவு. முள் மெல்ல மெல்ல இறங்கியதைச் சாரதி கவனிக்கவில்லை. கிராமத்து வீதிக்குத் திரும்பிய பின் குழிக்கு ஒரு தடவை, மாட்டுக்கு ஒரு தடவை என்று பிறேக் மிதிக்க வேண்டியிருந்தது. காற்றுக் குறைந்தால் அடிக்க வேண்டிய எச்சரிக்கை மணியின் வயரை யாரோ எப்போதோ கழற்றிவிட்டிருந்தார்கள், இரைச்சல் என்று. பாதுகாப்பற்ற புகையிரதக் கடவை ஒன்றைக் கடந்து ஏறும்போது பின் சில்லுகள் தாமாகவே இறுகி லொறி அசையாமல் நின்றது. பின் சில்லுகள் தண்டவாளத்தைத் தாண்டியிருந்தன. ஆனால் பெட்டியின் பின் பலகைக்கும் தண்டவாளத்துக்கும் இடையில் ஒரு முழம் கூட இல்லை.

1990 முதல் 2013 வரை கிளிநொச்சிக்குப் புகையிரதமே வரவில்லை என்பதை இங்கே நினைத்துப் பாருங்கள். தண்டவாளத்தைக் கண்டால் இரு பக்கமும் பார்க்கும் பழக்கம் இல்லாமலே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. அன்று மூடைகளின் மேல் இருந்தவர்களை இறக்கி விட்டு, இரு திசையிலும் ஆட்களைச் சிவப்புத் துணியோடு ஓடவிட்டோம். எஞ்சினை நிறுத்தாமல் எவ்வளவு நேரம் உறுமவிட்டும் முள் ஏறவில்லை. கடைசியில், வயதான ஒரு சாரதி வந்து கவர்னரைப் பார்த்து, அந்தப் பிளக்கை மட்டும் கழற்றினார். 'சீ' என்று ஒரு சிறு காற்றுப் போயிற்று. உடனே கொம்பிறசரின் சத்தம் மாறியது, முள் ஏறத் தொடங்கியது. சில நிமிடங்களில் லொறி நகர்ந்தது. பிறகுதான் நாங்கள் உட்கார்ந்து, அந்தச் சிறு பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டறிந்தோம்.

கவர்னர் என்ன செய்கிறது?

எஞ்சின் ஓடும் வரையில் கொம்பிறசரும் ஓடிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்தி வைக்க வழியில்லை. ஆனால் காற்றுத் தாங்கிக்கு ஓர் அளவு உண்டு. ஆகவே தாங்கி நிறைந்ததும், கொம்பிறசர் ஓடினாலும் காற்றை அமுக்காமல் இருக்கச் செய்ய வேண்டும். இதற்காகக் கொம்பிறசரின் தலையில் 'அன்லோடர்' என்ற சிறு பிஸ்ரன்கள் இருக்கின்றன. அவற்றுக்குக் காற்றுக் கொடுத்தால் அவை உள்ளிழுக்கும் வால்வைத் திறந்தபடி பிடித்துக்கொள்ளும். அப்போது கொம்பிறசர், வாயைத் திறந்தபடி மூச்சு விடுபவனைப் போல, காற்றை இழுத்து அதே வழியால் வெளியே விடும். தாங்கிக்கு ஒன்றும் போகாது.

அந்த அன்லோடருக்கு எப்போது காற்றுக் கொடுப்பது, எப்போது அதை எடுத்து விடுவது என்று தீர்மானிப்பதுதான் கவர்னரின் வேலை. அதனுள்ளே ஒரு ஸ்பிரிங்கும் ஒரு பிஸ்ரனும் இருக்கின்றன. தாங்கியின் காற்று ஒரு பக்கத்திலிருந்து தள்ளும். ஸ்பிரிங் மறு பக்கத்திலிருந்து தள்ளும். தாங்கியின் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 120 அல்லது 125 இறாத்தலை எட்டியதும் காற்று வெல்லும். அப்போது கவர்னர் தாங்கியின் காற்றில் சிறிதளவை அன்லோடருக்கு அனுப்பும். இதை 'கட் அவுட்' என்பார்கள். பிறேக் பிடித்துப் பிடித்து அமுக்கம் சுமார் 100 இறாத்தலுக்கு இறங்கியதும் ஸ்பிரிங் வெல்லும். தாங்கியிலிருந்து வரும் வழி அடைபடும். அன்லோடரில் நிற்கும் காற்று, கவர்னரின் வெளியேற்றும் துவாரத்தால் 'சீ' என்று போய்விடும். கொம்பிறசர் மறுபடி அமுக்கத் தொடங்கும். இது 'கட் இன்'.

இப்போது எங்கள் லொறிக்கு நடந்தது விளங்கும். வெளியேற்றும் துவாரத்தை அடைத்துவிட்டால் முதல் தடவை தாங்கி நிறையும். முள் 120 இல் அழகாக நிற்கும். அதன் பின் அன்லோடரில் அகப்பட்ட காற்றுக்கு வெளியே போக வழியில்லை. கொம்பிறசர் வாய் திறந்தபடியே ஓடும். இருக்கும் காற்று முடியும் வரைதான் பிறேக். இதிலே இன்னொரு ஏமாற்றமும் உண்டு. இரவு நிறுத்தி வைத்தால் அந்த அகப்பட்ட காற்று மெல்லக் கசிந்து போய்விடும். காலையில் எஞ்சினை இயக்கினால் தாங்கி முறையாக நிறையும், எல்லாம் சரி போலத் தோன்றும். 'காலையில் நல்லாய் இருக்கு, மத்தியானம் காத்து இல்லை' என்று ஒரு சாரதி சொன்னால் முதலில் அந்தத் துவாரத்தைப் பாருங்கள். பிளக் மட்டுமல்ல, நெடுநாள் நின்ற வாகனத்தில் குளவி மண் வைத்தும் அதை அடைத்துவிடும். இதை நாங்கள் கண்ணால் கண்டிருக்கிறோம்.

பின் சில்லுகள் ஏன் தாமாக இறுகின என்றும் சிலர் கேட்டார்கள். அந்த லொறியின் பின் பிறேக் சேம்பருக்குள் பலமான ஸ்பிரிங் ஒன்று உண்டு. காற்று அந்த ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்திருக்கும் வரைதான் சில்லுச் சுழலும். காற்று 45 இறாத்தலுக்குக் கீழே போகப்போக ஸ்பிரிங் பிறேக்கை இறுக்கத் தொடங்கிவிடும். பிறேக் இல்லாமல் ஓடுவதை விட நின்றுவிடுவது நல்லது என்ற எண்ணத்தில் செய்யப்பட்ட ஏற்பாடு இது. அந்தச் சேம்பரை மட்டும் தெரியாத ஒருவர் கழற்றக் கூடாது. அந்த ஸ்பிரிங் விடுபட்டால் ஆளைக் கொல்லும்.

வாங்குமுன்: உங்கள் லொறி எந்த வகை?

எல்லா லொறியிலும் இந்தக் கவர்னர் இல்லை. இந்தியாவிலிருந்து வந்த ராட்டா, லேலண்ட் லொறிகள் பலவற்றில் வேறு ஏற்பாடு. அவற்றின் கொம்பிறசர் தலையில் அன்லோடர் பிஸ்ரன்கள் இருப்பதில்லை. கொம்பிறசரிலிருந்து தாங்கிக்குப் போகும் பெரிய குழாயின் நடுவில் 'அன்லோடர் வால்வு' ஒன்று இருக்கும். தாங்கி நிறைந்ததும் கொம்பிறசரின் காற்று முழுவதையும் அது வெளியே விட்டுவிடும். ஓடும்போது இடைக்கிடை பெரிய சத்தத்தோடு காற்று விடும் லொறி பெரும்பாலும் இந்த வகைதான். அதன் துவாரங்களில் எண்கள் பொறித்திருக்கும். 1 என்பதில் தொடங்குவது கொம்பிறசரிலிருந்து காற்று வரும் வழி; 2 இல் தொடங்குவது (21, 22 என்றும் இருக்கும்) தாங்கிக்குப் போகும் வழி; 3 வெளியேற்றும் வழி; 4 இல் தொடங்குவது கட்டளைக் காற்று வழி. இது சர்வதேச ஒழுங்கு. பிறேக் வால்வுகளிலும் இதே முறைதான்.

ஒரு வகைக்குப் பதிலாக மற்ற வகையைப் பூட்ட முடியாது. தலையில் அன்லோடர் இல்லாத கொம்பிறசருக்கு ஆறு துவாரக் கவர்னரைக் கொண்டுவந்து பூட்டினால், கவர்னர் கட்டளை கொடுக்கும். கேட்க ஆள் இருக்காது. அமுக்கம் ஏறிக்கொண்டே போய், 150 இறாத்தல் அளவில் தாங்கியிலுள்ள பாதுகாப்பு வால்வு வெடித்தாற்போலத் திறக்கும். அந்த வால்வும் துருப்பிடித்து இறுகியிருந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே கொம்பிறசரின் தலையைப் பாருங்கள். தாங்கிக்குப் போகும் பெரிய குழாயைத் தவிர, பென்சில் அளவில் இன்னொரு சிறு குழாய் தலைக்கு வருகிறதா? அல்லது தலையின் பக்கத்தில் கவர்னர் நேராகவே பூட்டியிருக்கிறதா? அப்படியானால் உங்களுடையது கவர்னர் வகை. சின்ன லொறிகள் பலவற்றில் எயார் பிறேக்கே இல்லை, ஒயில் பிறேக்தான். அவர்களுக்கு இந்தப் பாடம் தேவையில்லை.

கட் அவுட் அளவும் ஒத்திருக்க வேண்டும். ஜப்பான் வாகனங்களின் முள் கிலோவில் காட்டும். ஒரு கிலோ ஏறக்குறைய 14 இறாத்தல். 8 கிலோ என்றால் சுமார் 114 இறாத்தல். பழைய கவர்னர் 8 கிலோவில் கட் அவுட் ஆகியிருந்தால், 125 இறாத்தல் கவர்னரை அப்படியே பூட்டி விட்டுவிடக் கூடாது. குறைத்து வைக்க வேண்டும். எப்படி என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

உண்மையில் கவர்னர்தான் பழுதா?

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். நல்ல கவர்னரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது வாங்கியவர்களை நாங்கள் அறிவோம். பத்து நிமிடச் சோதனை காசை மிச்சப்படுத்தும்.

அமுக்கம் ஏறவே இல்லை என்றால், எஞ்சினை நிறுத்தி, கவர்னரிலிருந்து கொம்பிறசர் தலைக்குப் போகும் சிறு குழாயைக் கவர்னர் பக்கத்தில் கழற்றுங்கள். இப்போது எஞ்சினை இயக்குங்கள். முள் ஏறுகிறதா? ஏறினால் கொம்பிறசர் நல்லது. கவர்னர்தான் காற்றைத் தேவையில்லாமல் அனுப்பிக்கொண்டிருந்தது, அல்லது வெளியேற்றும் துவாரம் அடைத்திருக்கிறது. ஏறாவிட்டால் கோளாறு கொம்பிறசரில் அல்லது பெரிய குழாயில். கவர்னரை மாற்றிப் பயனில்லை. இந்தச் சோதனையில் கொம்பிறசரை நிறுத்த ஒன்றும் இல்லை என்பதை மறக்க வேண்டாம். முள் 100 ஐத் தாண்டுமுன் எஞ்சினை நிறுத்திவிடுங்கள்.

மாறாக, அமுக்கம் அளவுக்கு மேல் ஏறுகிறது என்றால், கட் அவுட் ஆக வேண்டிய அளவில் அதே சிறு குழாயில் காற்று வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கவர்னர் தன் வேலையைச் செய்கிறது. கொம்பிறசர் தலையிலுள்ள அன்லோடர் பிஸ்ரன்தான் கரி பிடித்து இறுகியிருக்கிறது. வராவிட்டால், தாங்கியிலிருந்து கவர்னருக்கு வரும் குழாயைக் கழற்றிப் பாருங்கள். அதில் காற்று இல்லையென்றால் குழாய் அடைத்திருக்கிறது. அதில் காற்று வந்தும் மறு பக்கம் போகவில்லையென்றால், அப்போதுதான் கவர்னர் பழுது என்று சொல்லலாம். குழாயைக் கழற்றும்போது முகத்தை அருகில் வைக்க வேண்டாம். தூசியும் ஒயிலும் கண்ணுக்குள் அடிக்கும்.

முள்ளையும் அப்படியே நம்பாதீர்கள். பழைய லொறியின் முள் இருபது இறாத்தல் பொய் சொல்லும். ரயருக்குக் காற்றுப் பார்க்கும் நல்ல கேஜ் ஒன்றை ஓர் இணைப்பு வைத்துத் தாங்கியில் பூட்டி ஒப்பிடுங்கள்.

கழற்றுதலும் பூட்டுதலும்

லொறியைச் சமதரையில் நிறுத்தி, நான்கு பக்கமும் சில்லுக்குக் கட்டை வையுங்கள். கல்லு அல்ல, கட்டை. எஞ்சினை நிறுத்துங்கள். எல்லாத் தாங்கிகளின் அடித் திருகையும் திறந்து காற்று முழுவதையும் விடுங்கள். அப்போது பின் பிறேக் இறுகும், அதன் கைகள் அசையும். ஒருவரும் அடியில் கை வைத்திருக்கக் கூடாது. சிறுவர்களைத் தூரத்தில் வைக்கவும்.

பழைய கவர்னரைக் கழற்றுமுன் குழாய்களுக்கு அடையாளம் இடுங்கள். எங்களுடைய முறை எளிது: பழைய சேலைத் துண்டில் தாங்கியிலிருந்து வரும் குழாய்க்கு ஒரு முடிச்சு, கொம்பிறசர் தலைக்குப் போவதற்கு இரண்டு முடிச்சு. மையால் எழுதினால் ஒயில் பட்டு அழிந்துவிடும். முடிச்சு அழியாது, எழுத்துத் தெரியாத கிளீனருக்கும் விளங்கும்.

புதிய கவர்னரைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு துவாரத்தின் அருகிலும் ஆங்கில எழுத்துகள் மூன்று பொறித்திருக்கும். ஆர்-ஈ-எஸ் என்றிருப்பவை இரண்டு, அவை தாங்கிக்குரியவை. யூ-என்-எல் என்றிருப்பவை மூன்று, அவை அன்லோடருக்குரியவை. ஈ-எக்ஸ்-எச் என்றிருப்பது ஒன்றே ஒன்று. அதுதான் வெளியேற்றும் துவாரம். ஒரே பெயருள்ள துவாரங்கள் உள்ளே ஒன்றாகவே தொடுக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே இரண்டு ஆர்-ஈ-எஸ்ஸில் வசதியான ஒன்றுக்குத் தாங்கிக் குழாயைக் கொடுத்து மற்றதைப் பிளக் வைத்து அடைக்கலாம். மூன்று யூ-என்-எல்லில் ஒன்றுக்குக் கொம்பிறசர் தலையின் குழாய். காற்று உலர்த்தும் கருவி உள்ள லொறியானால் இன்னொன்று அதற்கு. மிகுதியைப் பிளக் வைத்து அடைக்க வேண்டும். ஈ-எக்ஸ்-எச் துவாரத்தை எந்தக் காரணத்துக்காகவும் அடைக்கக் கூடாது. அதிலே தூசி தடுக்கும் சிறு றப்பர் மூடியோ வலையோ இருந்தால் அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

தாங்கிக் குழாயையும் அன்லோடர் குழாயையும் மாற்றிப் பூட்டினால் என்ன நடக்கும்? கட் இன் நிலையில் யூ-என்-எல்லும் ஈ-எக்ஸ்-எச்சும் உள்ளே ஒரே வழி. ஆகவே தாங்கியின் காற்று நேராக வெளியே போய்க்கொண்டே இருக்கும், முள் ஏறாது. பூட்டியதும் இடைவிடாமல் சீறினால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். அந்த நேரத்தில் கை தானாகவே பிளக்கைத் தேடும். தேடவிடாதீர்கள்.

தாங்கிக் குழாயை எங்கிருந்து எடுப்பது என்பதிலும் பலர் பிழை விடுகிறார்கள். கொம்பிறசரிலிருந்து போகும் பெரிய குழாய் அருகிலேயே இருப்பதால் அதில் ஒரு 'ரீ' பூட்டி எடுத்துவிடுகிறார்கள். இது கூடாது. அந்தக் குழாயில் போகும் காற்று கொதிக்கும் சூடு. ஒயில் ஆவியும் கரியும் சேர்ந்து வரும். சில மாதங்களில் கவர்னரின் உள்வழிகள் பிசின் பிடித்துவிடும். அதோடு, கொம்பிறசர் அமுக்குவதை நிறுத்தியதும் அந்தக் குழாயில் அமுக்கம் இறங்கக்கூடும். தாங்கி நிறைந்திருந்தாலும் கவர்னர் அதைக் குறைவு என்று எண்ணி, விக்கல் எடுத்தவனைப் போல மாறி மாறி வேலை செய்யும். முதலாவது காற்றுத் தாங்கியிலிருந்தே எடுங்கள். தாங்கியின் அடியில் தண்ணீர் நிற்கும், ஆகவே மேல் பாகத்தில் உள்ள துவாரமே நல்லது.

கவர்னர் கொம்பிறசருக்கு மேலான உயரத்தில் இருக்க வேண்டும். குழாய் சரிவாக இறங்கினால் அதில் சேரும் ஈரம் கவர்னருக்குள் தங்காது. வெளியேற்றும் துவாரம் நிலத்தைப் பார்க்க இருக்க வேண்டும். குழாய் புகைபோக்கியிலோ விசிறி பெல்ற்றிலோ படக் கூடாது. கிளிப் போட்டுக் கட்டுங்கள், சேலைத் துண்டால் அல்ல. கவர்னர் குழாய்களுக்கு லொறிக்கென்று விற்கும் நைலோன் குழாய் போதும். தண்ணீர்க் குழாயும் நீர்ப்பம்பியின் றப்பர் குழாயும் ஒயிலுக்கு ஊறி வெடிக்கும். கொம்பிறசரிலிருந்து தாங்கிக்குப் போகும் பெரிய குழாய்க்கு நைலோனையும் வைக்கக் கூடாது, உருகிவிடும்.

புரி விடயத்திலும் ஒரு வார்த்தை. அமெரிக்க மாதிரிக் கவர்னரின் துவாரங்கள் எட்டில் ஓர் அங்குலக் குழாய்ப் புரி. அங்குலத்துக்கு 27 சுற்று. எங்கள் கடைகளில் கிடைக்கும் பிரித்தானிய முறை எட்டில் ஓர் அங்குலப் புரிக்கு அங்குலத்துக்கு 28 சுற்று. இரண்டு சுற்று வரை ஒன்றுபோலவே போகும். பிறகு இறுகும். அந்த நேரத்தில் ஸ்பனரில் குழாய் போட்டு இழுத்தால் கவர்னரின் உடல் வெடிக்கும், அல்லது ஓடும்போது நட்டுக் கழன்று காற்று முழுவதும் போகும். கையால் மூன்று நான்கு சுற்று இலேசாகப் போக வேண்டும். போகாவிட்டால் அது அதன் சோடி அல்ல. வெள்ளை ரேப் சுற்றுவதானால் முதல் இரண்டு புரியை விட்டுச் சுற்றுங்கள். நுனியில் கிழியும் ஒரு துண்டு ரேப் கவர்னரின் வால்வுக்குள் போய் அமர்ந்தால், புதிய கவர்னரும் அன்றே பழுதுதான். பூட்டுமுன் குழாய்களைக் காற்றால் ஊதித் துப்புரவாக்குவதும் இதற்காகவே.

சோதனை

எங்கள் லொறி கராஜை விட்டு வெளிக்கிட்டபோது ஒரு சோதனை நடந்தது; ஆனால் பாதிச் சோதனை. முள் ஏறி நின்றதைப் பார்த்தோம், மறுபடி ஏறுகிறதா என்று பார்க்கவில்லை.

அடித் திருகுகளைப் பூட்டி எஞ்சினை இயக்குங்கள். கட் அவுட் ஆகும்போது முள் எங்கே நிற்கிறது என்று குறியுங்கள். கொம்பிறசரின் சத்தம் இலேசாவதைக் காதால் அறியலாம். இப்போது எஞ்சின் ஓட, பிறேக்கை மிதித்து மிதித்து விடுங்கள். சுமார் 100 இறாத்தலுக்கு வரும்போது வெளியேற்றும் துவாரத்தில் ஒரு சிறு 'சீ' கேட்க வேண்டும். பிறகு முள் மறுபடி ஏற வேண்டும். இதை மூன்று தடவை செய்யுங்கள். 'சீ' கேட்கவில்லையென்றால், அல்லது கேட்டும் முள் ஏறவில்லையென்றால், அந்த லொறி படலையைத் தாண்டக் கூடாது. எஞ்சினை நல்ல வேகத்தில் ஓடவிட்டால் 85 இலிருந்து 100 இறாத்தலுக்கு முள் ஏற 45 செக்கன் போதும். அதற்கு மேல் எடுத்தால் கொம்பிறசர் தேய்ந்திருக்கலாம்.

எஞ்சினை நிறுத்தி, கைப் பிறேக்கை விடுவித்துக் காத்திருங்கள், கட்டை வைத்தபடியே. நிமிடத்துக்கு 2 இறாத்தலுக்கு மேல் இறங்கக் கூடாது. பிறேக்கை மிதித்துப் பிடித்தபடி பார்த்தால் 3 இறாத்தல் வரை இறங்கலாம். கூடினால் சவர்க்கார நுரையை ஒவ்வொரு இணைப்பிலும் பூசிப் பாருங்கள். கவர்னரின் வெளியேற்றும் துவாரத்தில் நுரை தொடர்ந்து ஊதினால் உள்ளே றப்பர் வளையமோ வால்வோ பழுது. புதியதென்றால் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். பழைய ரியூப்பை வெட்டி வளையம் செய்யும் கெட்டித்தனத்தை வேறு இடத்தில் காட்டலாம்.

அதன் பின் எச்சரிக்கை மணி. திறப்பைப் போட்டு, எஞ்சின் ஓடாமல், பிறேக்கை மிதித்துக் காற்றைக் குறைத்து வாருங்கள். 60 இறாத்தல் அளவில் மணி அடிக்க வேண்டும் அல்லது விளக்கு எரிய வேண்டும். எங்கள் பகுதியில் பத்து லொறியைப் பார்த்தால் எத்தனையில் அது வேலை செய்யும் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். அதன் வயரைக் கழற்றிய கையே இன்னொரு நாள் ஒரு கடவையில் சிவப்புத் துணி பிடித்துக்கொண்டு ஓடும்.

அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டுமானால், கவர்னரின் மேல் மூடியைக் கழற்றினால் ஒரு பூட்டு நட்டும் திருகாணியும் தெரியும். நட்டைத் தளர்த்தி, திருகாணியை மணிக்கூட்டு முள் போகும் பக்கம் திருப்பினால் அமுக்கம் குறையும். எதிர்ப் பக்கம் திருப்பினால் கூடும். வழமையாக நாம் நினைப்பதற்கு இது நேர் எதிர் என்பதால் கவனம். கால் சுற்றுக்கு மேல் ஒரேயடியாகத் திருப்பாமல் ஒவ்வொரு தடவையும் கட் அவுட்டைப் பார்த்த பின் தொடருங்கள். கட் அவுட்டுக்கும் கட் இன்னுக்கும் உள்ள இடைவெளியை இந்தத் திருகாணியால் மாற்ற முடியாது. சில கவர்னர்களில் திருகாணியே இராது. அவற்றை இருக்கும் அளவுக்கே பாவிக்கலாம். லொறியின் அளவு தெரியாவிட்டால் சாரதியின் கதவுப் பக்கத்திலோ கொம்பிறசரிலோ உள்ள தகட்டைப் பாருங்கள். அதிக காற்று இருந்தால் நல்ல பிறேக் என்று எண்ணிக் கூட்டி வைப்பவர்கள் உண்டு. குழாயும் சேம்பர் றப்பரும்தான் அதற்கு விலை கொடுக்கும்.

இனி, தாங்கியின் அடித் திருகை நாள்தோறும் மாலையில் திறந்து தண்ணீரை விடுவது கிளீனரின் வேலையாக இருக்கட்டும். மாரி காலத்தில் ஒரு கோப்பை தண்ணீர் வந்தாலும் ஆச்சரியமில்லை. தண்ணீர் மட்டும் வந்தால் பயமில்லை. மோர் போல வெள்ளையாகவோ, கறுத்த ஒயிலாகவோ வந்தால் கொம்பிறசரின் பிஸ்ரன் வளையங்கள் தேய்ந்து ஒயில் மேலே ஏறுகிறது என்று பொருள். அந்த ஒயில்தான் அடுத்த கவர்னரையும் அடைக்கப் போகிறது. அப்படியானால் கொம்பிறசரைக் கழற்றிப் பார்க்கும் வரை புதிய கவர்னருக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.